வலது காதுக்கு ஒரு சந்தா

தென்கடல் சிம்பொனி சங்கத்தில் வயலின் பிடிக்கத் தெரிந்தவர்களைவிடப் பொன்னாடை மடிக்கத் தெரிந்தவர்களே அதிகம் என்பது, சந்தா கட்டிய அன்று சிலுவைதாசனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கட்டியிருப்பார். அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

குளச்சலில் விசைப்படகு எஞ்சின்களைப் பழுது பார்த்தே பிழைத்த மனிதர். இடையில் சில வருடம் மஸ்கட்டில், ஒரு பெரிய அரங்கத்தின் ஜெனரேட்டர் அறையில் வேலை. எஞ்சினோடு எஞ்சினாகக் கிடந்ததில் இடது காது முழுசாகப் போய்விட்டது. வலது காதும் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டது என்று காது டாக்டர் தஸ்ரின் பரிசோதித்துச் சொன்னார்.

"மெஷின் வச்சுக்கிடலாம் அண்ணாச்சி. ஆளு பேசுறது கேக்கும். ஆனா பாட்டெல்லாம் மெஷின்ல இதுமாரி வராது. ஆசப்பட்டுக் கேக்கணும்னு எதாம் உண்டும்னா இப்பமே கேட்டுக்கிடுங்க" என்றார் அந்தப் பெண்.

ஆசைப்பட்டது ஒன்று உண்டு. மஸ்கட்டில் ஒரு சாயங்காலம், போன கரண்டு திரும்பி வந்ததும் ஜெனரேட்டரை அணைத்தார் சிலுவைதாசன். அணைத்த அமைதியில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வயலின்கள் கேட்டன. ஒன்றிரண்டு அல்ல, ஒரு கூட்டமே சேர்ந்து மெதுவாகக் கிளம்பியது. கையில் எண்ணெய்த் துணியோடு சுவரில் காதை வைத்து அப்படியே நின்றுவிட்டார். சூப்பர்வைசர் வந்து தோளைப் பிடித்து உலுக்கினான். அது என்ன பாட்டு என்று சொல்ல அங்கே ஆளில்லை. பிறகு மருமகன் போனில் எதையெதையோ போட்டுக் காட்டினான். போனில் வருவது காதோடு நின்றுவிடுகிறது, அன்றைக்குச் சுவர் வழியாக வந்தது நெஞ்சில் இடித்தது என்று சொல்லி, சிலுவைதாசன் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் சங்கத்தின் 'வருகிற இசைப் பருவம்' புத்தகம் வந்தது. மூன்று கச்சேரிகள்: தொடக்கம், நடு, நிறைவு. கச்சேரி விவரம் கடைசிப் பக்கத்தில் இருந்தது. அதற்கு முந்தின பக்கங்களில் எல்லாம் தலைவர் முனைவர் ஏசுஅடிமை நின்றும் இருந்தும் மோவாயில் விரல் வைத்தும் சிந்தித்துக்கொண்டிருந்தார்.

வாசிக்கிற பிள்ளைகள் அசல் பிள்ளைகள். கடற்கரைக் கோயில்களின் பாடகர் குழுக்களில் வயலின் பழகியவர்களும், சாவு வீட்டு பேண்டில் டிரம்பெட்டும் கிளாரினெட்டும் ஊதுகிறவர்களும் சேர்ந்த கூட்டம். பேண்டு மாஸ்டர் ஷைஜுதான் நடத்துகிறான். பிழைப்புக்குச் சாவு வீடு, ஆசைக்குச் சிம்பொனி. சங்கம் அவர்களுக்குக் கறுப்புக் கோட்டு தைத்துக் கொடுத்திருந்தது. வேறு எதுவும் கொடுத்ததாகத் தகவல் இல்லை.

குளச்சல் சந்தையில் ஷைஜுவைப் பிடித்து, என்ன பாட்டு வாசிக்கப் போகிறீர்கள் என்று கேட்டார் சிலுவைதாசன். ஷைஜு மீன் பையைக் கீழே வைத்துவிட்டு வலது காதோடு ஒட்டி நின்று முனகிக் காட்டினான். இரண்டு மூச்சு முனகியிருப்பான். சிலுவைதாசனின் கை மயிர் எழுந்து நின்றது. அதுவேதான்.

"மக்கா, நான் ஒத்திகைக்கு வந்து ஒரு ஓரத்துல இருக்கட்டா?"

"நடக்காது மாமா. சந்தாதாரர் ஒத்திகை கேட்டா சந்தா போச்சுன்னு விதி உண்டு. வயலின் எல்லாம் தலைவர் வீட்டு அறையில பூட்டியாக்கும் இருக்கு. ஒத்திகையும் அங்ஙனதான், அவரு முன்னால. நாங்களே அவரு தூங்கின பெறவுதான் ஒழுங்கா வாசிப்போம்."

அன்று முதல் சிலுவைதாசன் பருவத்துக்காகக் காத்திருந்தார். மனைவி பேபி அவருடைய வெள்ளைச் சட்டையைத் தேய்த்து மடித்து வைத்தாள்.

"உள்ள காது ஒண்ணு. அதுக்கொரு சந்தா. கொள்ளாம்" என்றாள். ஆனாலும் சட்டையின் பித்தானை இறுக்கித் தைத்துத்தான் வைத்திருந்தாள்.

முதலில் வந்தது கச்சேரி அல்ல, கச்சேரிகள் வரப்போகின்றன என்று அறிவிக்கும் விழா. நாகர்கோவிலில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. சிலுவைதாசன் வலது காது மேடையைப் பார்க்கும்படி இடதுபக்க ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மேடை முழுக்கப் பெரிய மனிதர்கள். வயலின்காரர்களுக்கு அங்கே இடம் இல்லாததால் சமையல்கட்டுக்குப் போகிற வழியில் நிறுத்தியிருந்தார்கள். குத்துவிளக்கை ஆளுக்கொரு திரியாக ஏற்றினார்கள். திரிகள் தீர்ந்த பிறகும் ஆட்கள் தீரவில்லை. அதனால் ஒருமுறை அணைத்துவிட்டு முதலிலிருந்து ஏற்றினார்கள். பிறகு பொன்னாடை. எல்லாருக்கும் போர்த்தி ஒன்று மீந்துவிட்டது. அதைக் கொண்டுபோய் ஆள் உயர வயலின் ஒன்றுக்குப் போர்த்தினார்கள். அதை வாசிக்கிற பையன் நன்றி சொல்லலாமா என்று பார்த்தான். அவனை ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டுப் படம் எடுத்தார்கள்.

முனைவர் ஏசுஅடிமை எழுந்தார். இனயம் என்ற கடற்கரை ஊரில் பிறந்து, கல்லூரி முதல்வராக ஓய்வு பெற்று, ஓய்வை மட்டும் மற்றவர்களுக்குத் தராமல் இருப்பவர்.

"வாசிக்கிறவர்களுக்கு மேடையில் இடம் தரவில்லை என்று சிலர் முணுமுணுக்கிறார்கள்" என்று ஆரம்பித்தார். "நான் கேட்கிறேன். வாசிப்பவன் எங்கிருந்தும் வாசிக்கலாம். சத்தம் தானே, வந்து சேரும். ஆனால் பேசுகிறவன் சமையல்கட்டிலிருந்து பேச முடியுமா? முகம் தெரிய வேண்டாமா? உலகத்தின் பெரிய இசை மேதைகளின் பெயர் எனக்கு நினைவில் இல்லை. ஆனால் அவர்களை ஆதரித்த புரவலர்கள் இல்லாவிட்டால் அவர்கள் யார்? சொல்லுங்கள். யார்?"

மண்டபத்தில் யாரும் பதில் சொல்லவில்லை. அதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டு மேலே பேசினார். பாயசம் வந்தது. பருவம் அறிவிக்கப்பட்டுவிட்டது.

அடுத்ததாக, சந்தாதாரர் எல்லாரும் 'ரசிகர் தகுதி வகுப்பு'க்கு வர வேண்டும் என்று உத்தரவு. தகுதி பெறாதவர்களைக் கச்சேரிக்குள் விட மாட்டார்களாம். வகுப்பு எடுத்தவர் செயலாளர் வைகுண்டராஜன். அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்தவர். அங்கே கோப்புகளை எப்படி நகரவிடாமல் காத்தாரோ அப்படியே இங்கே இசையையும் காத்துவந்தார்.

"இருமல் உள்ளவர்கள் வீட்டிலேயே இருமிவிட்டு வர வேண்டும். பாட்டுக்கு நடுவே கைதட்டுவது காட்டுமிராண்டித்தனம். தலைவர் பேச்சுக்கு நடுவே எங்கே வேண்டுமானாலும் தட்டலாம், அது பண்பாடு" என்று விளக்கினார். பிறகு செய்முறைப் பயிற்சி. முன்னால் காலி நாற்காலிகளைப் போட்டு, அவற்றைப் பார்த்து எல்லாரையும் உருகச் சொன்னார். வாசிக்காதபோதே உருகப் பழகினால் வாசிக்கும்போது சிரமம் இருக்காது என்பது சங்கத்தின் கொள்கை.

சொன்னதைச் செய்கிற சுபாவம் சிலுவைதாசனுக்கு. காலி நாற்காலிகளை நோக்கி வலது காதைச் சாய்த்துக் கண்ணை மூடினார். வைகுண்டராஜன் அவரைச் சுட்டிக்காட்டி, இதுதான் முன்மாதிரி ரசிகர் என்றார். மற்றவர்கள் பொறாமையோடு பார்த்தார்கள்.

முடிந்ததும் சிலுவைதாசன் தயங்கித் தயங்கிக் கேட்டார். "செயலாளரே, வாசிப்பு எப்பம் இருக்கும்? எனக்குக் காது கொஞ்சம் அவசரத்துல இருக்கு."

வைகுண்டராஜனின் முகம் வாடிவிட்டது. "இசை கேட்கவா வந்தீர்கள்?" என்று, வீட்டுக்கு வந்தவன் சாப்பாட்டைப் பற்றி மட்டும் விசாரித்ததுபோல வருந்தினார். "ஒரு சந்தாதாரர் இசைக்காக மட்டும் வந்தால் சங்கம் என்ன ஆகும்? வாசித்துவிட்டால் எழுந்து போய்விடுவீர்கள். வாசிக்காதவரை காத்திருப்பீர்கள். அந்த எதிர்பார்ப்புதானே ஐயா பருவம்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி சாமியையே வீட்டு அறைக்குள் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகியிருந்தார்.

தொடக்கக் கச்சேரி வந்தது, அதே கல்யாண மண்டபத்தில். இந்த முறை வயலின்காரர்களை உள்ளே விட்டிருந்தார்கள், மேடைக்குக் கீழே, தரையில். வரவேற்புரை, அறிமுகவுரை, அறிமுகம் செய்தவரை அறிமுகம் செய்யும் உரை, தலைமையுரை எல்லாம் முடிந்தன. வைகுண்டராஜன் நன்றியுரையையும் முன்கூட்டியே சொன்னார். கடைசியில் சொன்னால் கேட்க ஆள் இருப்பதில்லை என்பது அவர் அனுபவம்.

ஒருவழியாக ஷைஜு கையைத் தூக்கினான். வயலின்கள் தோளுக்கு ஏறின. வில்கள் தந்தியில் உட்கார்ந்தன. சிலுவைதாசன் மூச்சைப் பிடித்தார். இத்தனை வருடம் கழித்து அந்தச் சுவர் இல்லாமல் கேட்கப் போகிறோம் என்ற நினைப்பில் வலது காதை முன்னால் நீட்டினார்.

"ஒரு நிமிடம்" என்றார் முனைவர் ஏசுஅடிமை ஒலிபெருக்கியில். நன்றியில் ஒரு பெயர் விடுபட்டுவிட்டதாம். ஒரு பெயரைச் சொன்னால் அவர் செய்ததையும் சொல்ல வேண்டும். அவர் செய்ததைச் சொன்னால் அதற்குத் தூண்டுகோலாக இருந்த தன்னையும் சொல்ல வேண்டும். ஷைஜு கையைத் தூக்கியபடியே நின்றான். கொஞ்ச நேரத்தில் மண்டபத்துக்காரர் வந்துவிட்டார். அடுத்த கல்யாண வீட்டார் வாசலில் காத்திருந்தார்கள். பந்தி மேசைகளை வயலின்காரர்களுக்கு நடுவே இழுத்துப் போட்டு, இலையும் விரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு பையனின் வில்லுக்குப் பக்கத்தில் உப்பு வைத்தார்கள்.

கச்சேரி மாபெரும் வெற்றி என்று மறுநாள் சங்கம் அறிவித்தது.

வீட்டில் பேபி குக்கரை இறக்கி வைத்துவிட்டு, "விசிலு வந்தா சொல்லுங்கன்னு சொன்னேன்லா" என்றாள். சிலுவைதாசன் அடுப்புக்குப் பக்கத்திலேயேதான் இருந்தார்.

"வந்துதா?" என்று கேட்டார்.

பேபி அவர் முகத்தைப் பார்த்தாள். சோற்றைப் போட்டு, அவருக்கு வலதுபக்கமாக வந்து உட்கார்ந்தாள்.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். அந்த மனிதரிடம் மீதி இருந்தது ஒரு காதின் கடைசிக் கொஞ்சம். அதை அவர் சேர்த்து வைத்து, சட்டை தேய்த்து, பஸ் ஏறிக் கொண்டுபோய், ஏசுஅடிமையின் தலைமையுரைக்கும் வைகுண்டராஜனின் நன்றியுரைக்கும் செலவழித்துக்கொண்டிருந்தார்.

நடுக் கச்சேரி இன்னும் விசேஷம். அதற்குள் சங்கம், முணுமுணுத்த சந்தாதாரர் ஒவ்வொருவருக்கும் ஒரு பதவி கொடுத்துவிட்டது. துணைத் தலைவர், இணைச் செயலாளர், மலர்க்குழுத் தலைவர், காலணிப் பாதுகாப்புக் குழு அமைப்பாளர். பதவி உள்ளவர்கள் மேடையில்தான் அமர வேண்டும். கடைசியில் கீழே நாற்காலியில் மிஞ்சியவர் சிலுவைதாசன் ஒருவர்தான். முன்மாதிரி ரசிகர் என்று அவரைக் கீழேயே வைத்திருந்தார்கள்.

"பெருந்திரளாகக் கூடியிருக்கும் அவையோரே" என்று முனைவர் ஏசுஅடிமை அவரைப் பார்த்துப் பேசினார். சிலுவைதாசனின் காதில் அது இப்போது தூரத்துப் படகு எஞ்சின்போல இரைச்சலாகத்தான் விழுந்தது. நடுவில் அவர் சிறுநீர் கழிக்கப் போனார். அவை இல்லாமல் பேசுவது மரபல்ல என்று கூட்டத்தை நிறுத்தி வைத்து, அவர் திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

பேச்சு முடிந்ததும் சிலுவைதாசன் எழுந்து நின்றார். கை கூப்பினார்.

"ஐயா, எனக்குக் காது போயிட்டிருக்கு. இன்னும் கொஞ்ச நாளுதான் கேக்கும். இந்தப் பிள்ளையள ஒருக்க வாசிக்கச் சொல்லுங்க. நீங்க பெறவு எம்புட்டு வேணும்னாலும் பேசுங்க, நான் இருந்து கேக்கேன்."

மேடையில் சலசலப்பு. முனைவர் ஏசுஅடிமை நெகிழ்ந்துதான் போனார். "காது போகிற நிலையிலும் எங்கள் பேச்சைக் கேட்க வந்திருக்கிறார்" என்று மற்றவர்களிடம் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனால் ஒரே ஒரு ஆளுக்காக இத்தனை பேர் வாசிப்பது இசைக்கு அவமானம் அல்லவா? நிறைவுக் கச்சேரியில் கட்டாயம் வாசிப்போம். உரையைக்கூடச் சுருக்கமாக முப்பது பக்கத்தில் முடித்துக்கொள்கிறேன்." ஒரு பொன்னாடையை வரவழைத்து சிலுவைதாசனுக்குப் போர்த்தினார். அது தலையில் விழுந்து, இரண்டு காதையும் மூடிக்கொண்டது.

அந்த முப்பது பக்கத்தை எழுதி முடித்து, உரக்கப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் முனைவர் ஏசுஅடிமை மார்பைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். கேட்டுக்கொண்டிருந்த வைகுண்டராஜன், அது ஒரு நிறுத்தம் என்று நினைத்துக் கைதட்டியதாகச் சொல்கிறார்கள்.

சங்கம் அவசரமாகக் கூடியது. தலைவரின் மறைவை ஒட்டி நிறைவுக் கச்சேரி ரத்து. இந்தப் பருவமும் வருகிற பருவமும் மௌனப் பருவங்கள். சங்கத்தின் கருவி எதுவும் எங்கும் ஒலிக்கக்கூடாது.

சேதி தெரிந்ததும் சிலுவைதாசன் கட்டிலில் போய்ச் சுருண்டு படுத்தார். அவருக்கு அழுகை வந்தது, ஆனால் செத்தவருக்காக இல்லை. பேபி வந்து வலதுபக்கம் குனிந்து சத்தமாகச் சொன்னாள்.

"எளவுக்குப் போவாண்டாமா? இருந்தாலும் ஒங்களுக்கு ஒரு துப்பட்டி போத்தின மனுசன்லா. எழும்புங்க."

அடக்கம் இனயத்தில், குடும்பக் கல்லறையில். வீட்டு முற்றம் நிறையக் கூட்டம். ஒரு பக்கமாகக் கறுப்புக் கோட்டுகளோடு சிம்பொனிக் கூட்டம் முழுவதும் வரிசையாக நின்றது. அறை திறந்து வயலின்களை எடுத்துக் கொடுத்திருந்தார்கள், வாசிக்க அல்ல. கருவியை நெஞ்சோடு அணைத்து, வில்லைத் தலைகீழாகப் பிடித்து மௌன அஞ்சலி செலுத்த வேண்டும் என்று வைகுண்டராஜன் ஏற்பாடு. அணைக்க முடியாத ஆள் உயர வயலினைப் படுக்க வைத்து அதற்கும் ஒரு பூ ரீத்து வைத்திருந்தார்கள்.

பாதிரியார் ஜெபத்தை முடித்தார். பெட்டியை மூடினார்கள். தூக்க வந்தவர்கள் குனிந்தார்கள், பிறகு நிமிர்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பெட்டி எழும்பவில்லை.

செத்தவருக்குப் பெரியப்பா மகன் டைட்டஸ்தான் முன்னால் நின்றார். கட்டுமரத்தில் கிடந்து கறுத்த ஆள்.

"பேண்டு எங்க?" என்றார்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. சங்கத்தின் ஆட்கள் கருவியோடு வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, வீட்டார் வேறு பேண்டுக்குச் சொல்லவில்லை. கடற்கரையில் பிச்சைக்காரன் செத்தால்கூட ஊர் கூடி ஒரு பேண்டு வைத்துத்தான் பெட்டியை எடுக்கும். பேண்டு முழங்காமல் எடுப்பது செத்தவனைத் திட்டி அனுப்புவதற்குச் சமம்.

"இது மௌன அஞ்சலி" என்றார் வைகுண்டராஜன். "சங்கத்தில் ஏகமனதாக நிறைவேற்றிய தீர்மானம்."

"தீர்மானத்தக் கொண்டு கடல்ல போடும் ஓய்" என்றார் டைட்டஸ், குரலை உயர்த்தாமல். "இம்புட்டு வயலினும் கொழலும் வச்சுக்கிட்டு எங்க அண்ணன ஊமையாட்டா கொண்டு போவியா? அடிச்சா தூக்குவோம். இல்லேன்னா பெட்டி இஞ்சதான் இருக்கும்."

தூக்க வந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். பாதிரியார் வானத்தைப் பார்த்தார். வைகுண்டராஜன் வழக்கப்படி, இந்தச் சூழ்நிலை குறித்துச் சில வார்த்தைகள் பேசலாம் என்று ஒலிபெருக்கியைத் தேடினார். சாவு வீட்டில் அது இல்லை. தலைவரைப் பார்த்தார். அவரும் ஒன்றும் சொல்கிற நிலையில் இல்லை.

"சரி, ஏதாவது சாவுப் பாட்டு வாசியும்" என்றார் கடைசியில்.

"சாவுப் பாட்டு நோட்டு ஒண்ணும் எடுத்துட்டு வரல்ல சார். வாசிக்காண்டாம்னுலா சொன்னிய" என்றான் ஷைஜு. "எல்லாருக்கும் மனப்பாடமாட்டு இருக்கது ஒண்ணுதான். இந்தப் பருவத்துக்குப் படிச்சது."

வைகுண்டராஜன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ஷைஜு கையைத் தூக்கிவிட்டான். இந்த முறை "ஒரு நிமிடம்" என்று சொல்ல ஆள் இல்லை.

வயலின்கள் மெதுவாகக் கிளம்பின. டைட்டஸ் தலையை ஆட்டினார். பெட்டி தோளுக்கு ஏறியது. கறுப்புக் கோட்டுக்காரர்கள் வாசித்தபடியே நடக்க ஆரம்பித்தார்கள். ஆள் உயர வயலினை இரண்டு பேர் தூக்கிக்கொள்ள, அந்தப் பையன் பக்கவாட்டில் நடந்து வாசித்தான். பொறுத்துப் பொறுத்து டிரம்பெட்டும் கிளாரினெட்டும் வந்து சேர்ந்தன.

பேபி புருஷனின் கையைப் பிடித்துக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனாள். கடைசி வரிசை வயலின்காரியின் இடதுபக்கமாக, அவளுடைய வில்லின் நுனி சட்டையில் உரசுகிற தூரத்தில், வலது காது அந்தப் பக்கம் இருக்கும்படி அவரைக் கொண்டு நிறுத்தினாள். அந்தப் பெண் பேபியைப் பார்த்தாள். வயலினை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சிலுவைதாசனுக்குக் கேட்டது. மெல்லிய ஓசைகள் சில விழவில்லை. மற்றதெல்லாம் விழுந்தது. எண்ணெய்த் துணியோடு நின்ற அந்தச் சாயங்காலம் பாதியில் அறுந்துபோன இடம் வந்தது, அதைத் தாண்டி அவர் கேட்டிராத மீதியும் வந்தது. இவ்வளவு அழகாகவா இது முடிகிறது என்று நினைத்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துடைக்கத் தோன்றவில்லை. வாழ்க்கையில் இதுபோல அவர் சந்தோஷமாக இருந்ததே இல்லை.

கடைக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். முனைவருக்காக ஒரு மனிதன் இப்படி அழுகிறானே என்று வீட்டுப் பெண்களும் தேம்பினார்கள்.

வைகுண்டராஜனும் பார்த்தார். உருகிவிட்டார். அவசரமாக நடந்து சிலுவைதாசனின் இடதுபக்கம் வந்து சேர்ந்தார். பாதிரியாரின் தலைக்கு மேலே கல்லறைத் தோட்டத்துச் சிலுவை தெரிந்தது.

"ஐயா, உங்கள் துயரம் எனக்குப் புரிகிறது" என்றார் தணிந்த குரலில். "தலைவருக்கு இரங்கல் கூட்டத் தொடர் ஏற்பாடு செய்திருக்கிறோம். தொடக்கம், நடு, நிறைவு. முதல் உரை நீங்கள்தான் நிகழ்த்த வேண்டும்."

பக்கத்தில் யாரோ வாயசைப்பதை சிலுவைதாசன் கண்டார். ஒரு கணம் திரும்பிப் பார்த்து, மரியாதையாகத் தலையை ஆட்டினார். பிறகு வலது காதை வயலின் பக்கம் இன்னும் நன்றாகச் சாய்த்துக்கொண்டு, இடது காதை முழுசாக அவருக்குக் கொடுத்துவிட்டார்.

வைகுண்டராஜனுக்கு அது போதுமானதாக இருந்தது. கல்லறை வரைக்கும் அந்தக் காதில் பேசிக்கொண்டே வந்தார்.